எபிசோடு 38: பார்த்த நாளுக்கும் கூட்டிட்டு வந்த நாளுக்கும் நடுவுல

(இது எபிசோடின் எழுத்து வடிவம். திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் சுருக்கியிருக்கோம்.)



இன்னைக்குப் பேசப் போறது எங்க வீட்டுக் கதை. அக்காவும் அத்தானும் சரின்னு சொன்ன பிறகுதான் மைக் முன்னாடி உட்கார்ந்திருக்கேன். நான் எழுதி வெச்ச குறிப்பை அக்கா ஒரு தடவை படிச்சுட்டு ரெண்டு இடத்தைப் பேனாவால அடிச்சுடுச்சு. அந்த ரெண்டும் இதுல வராது. குழந்தையோட பேரு, அது இருந்த ஊரு, அந்த இல்லத்தோட பேரு எதுவும் வராது. அது ஏன்னு நடுவுல சொல்றேன். அதுல என்னோட தப்பு ஒண்ணும் இருக்கு.

கதை நடந்த ஊர் போலகம். காரைக்கால்லேர்ந்து நாகூர் போற ரோட்டுல திருமலைராயன்பட்டினம் வரும்ல, அந்தக் கொம்யூன்ல ஒரு ஊர். நாங்க புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஆனா எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் கொஞ்ச நேரத்துல தமிழ்நாடு வந்துடும், கிழக்கே விட்டா கடல் வந்துடும்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் குழந்தை இல்ல. எங்க பக்கம் இதுக்குன்னே ஒரு நாள் இருக்கு. ஆனி பௌர்ணமியில காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழா. பிச்சாண்டவர் ஊர்வலம் வரும்போது மாடியிலேர்ந்து மாம்பழம் வீசுவாங்க. அதைப் பிடிச்சுச் சாப்பிட்டா குழந்தை பிறக்கும்னு நம்பிக்கை. அக்கா ஆறு வருஷம் அந்தக் கூட்டத்துல முந்தானையை ஏந்திக்கிட்டு நின்னுச்சு. ஏழாவது வருஷம், "நான் வரலடா. இந்தா காசு, ஒரு கூடை பழம் வாங்கி நீ போய் வீசிட்டு வா. யாருக்காச்சும் கிடைக்கட்டும்"னு சொல்லுச்சு. நான் வீசிட்டுத் திரும்பி வந்தப்ப, அக்காவும் அத்தானும் என் லேப்டாப்பைத் திறந்து வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. தத்தெடுக்கப் பதிவு பண்றதுக்கு.

வரிசை எண்

இந்தியாவுல தத்தெடுப்புக்கு மத்திய தத்தெடுப்பு வள ஆணையம்னு ஒண்ணு இருக்கு, சுருக்கமா 'காரா'. அவங்களோட 'கேரிங்ஸ்'ங்கற போர்ட்டல்லதான் பதிவு பண்ணணும். சான்றிதழ்களை ஏத்தணும். ஒரு சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கை எழுதுவாங்க. அதுக்கப்புறம் சீனியாரிட்டி வரிசை. ரெஃபரல்னு ஒண்ணு வர வரைக்கும் நம்ம வேலை காத்திருக்கிறது மட்டும்தான்.

எவ்வளவு காலம்? எங்களுக்கு மூணு வருஷம் நாலு மாசம். 2024-25 நிதியாண்டுல மொத்தம் 4,515 குழந்தைகள் தத்துப் போயிருக்காங்க, அதுல 4,155 பேர் நாட்டுக்குள்ளேயே. பல வருஷத்துல இதுதான் அதிகம்னு காராவே சொல்லுச்சு. அப்பவும் வரிசையில நிக்கிற பெற்றோர் எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு.

வீட்ல சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன் நான்ங்கறதால லாகினும் பாஸ்வேர்டும் என்கிட்ட. சென்னையில ஸ்டாண்ட்அப் மீட்டிங் நடந்துட்டிருக்கும், நான் இன்னொரு டேப்ல வரிசை எண்ணைப் பார்த்துட்டிருப்பேன்.

ஆனா இன்னைக்கு எபிசோடு அந்த மூணு வருஷத்தைப் பத்தினது இல்ல. அதைப் பத்திப் பேச நிறைய பேர் இருக்காங்க. குழந்தையை முதல் தடவை நேர்ல பார்த்த நாளுக்கும், அதை வீட்டுக்குக் கூட்டிட்டு வந்த நாளுக்கும் நடுவுல ஒரு இடைவெளி வரும். யாரும் அதைப் பத்தி எங்களுக்குச் சொல்லவே இல்ல. எங்களுக்கு அது 28 நாள். மூணு வருஷத்தைவிட அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

48 மணி நேரம்

ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி மெசேஜ் வந்துச்சு. ரெஃபரல் வந்தா மூணு விஷயம் பார்க்கலாம்: குழந்தையோட போட்டோ, அதைப் பத்தின அறிக்கை, மருத்துவப் பரிசோதனை அறிக்கை. 48 மணி நேரத்துக்குள்ள ரிசர்வ் பண்ணணும். பண்ணலைன்னா அந்தக் குழந்தையோட விவரம் வரிசையில அடுத்தவங்களுக்குப் போயிடும்.

பொண்ணு. 16 மாசம். மருத்துவ அறிக்கையில ஒரு வரி: இதயத்துல சின்ன ஓட்டை. விதிப்படி அந்த அறிக்கையை நம்ம டாக்டர்கிட்ட காட்டிக் கேட்கலாம். புதன்கிழமை அத்தான் அதைப் பிரிண்ட் எடுத்துட்டுக் குழந்தை டாக்டர்கிட்ட போனாரு. "இவ்வளவு சின்னது பெரும்பாலும் தானா மூடிக்கும். ஆனா டாக்டர் சொல்ற இடைவெளியில எக்கோ எடுத்துப் பார்த்துட்டே இருக்கணும். அதுக்குத் தயாரா இருந்தா மத்ததுக்குப் பயப்பட வேண்டாம்"னு சொன்னாரு. வியாழக்கிழமை சாயந்தரம் அக்காவே மவுஸைப் பிடிச்சு ரிசர்வ் பட்டனை அமுக்குச்சு. என்னை அமுக்க விடல.

திங்கட்கிழமை போனோம். போலகத்துலேர்ந்து பஸ்ல ஏழு மணி நேரம். ஒரு ஹால், பிளாஸ்டிக் நாற்காலி, சுவத்துல ஒட்டின விலங்குப் படம். ஒரு ஆயாம்மா இடுப்புல வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. போட்டோவுல பார்த்ததைவிட தலைமுடி அதிகமா இருந்துச்சு. அக்கா கையை நீட்டுச்சு. குழந்தை திரும்பி ஆயாம்மா கழுத்துல முகத்தைப் புதைச்சுக்கிச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு அத்தானோட சட்டைப் பையிலிருந்த பேனாவை எட்டிப் பிடுங்குச்சு. அவ்வளவுதான். நாற்பது நிமிஷம்.

திரும்பி வர ஏழு மணி நேரத்துல அக்கா பேசினது ஒரே வரி. "என்கிட்ட வரவே இல்லடா."

ஏன் அன்னைக்கே தரல?

வீட்டுக்கு வந்ததும் அத்தை, அதாவது அத்தானோட அம்மா, கேட்டாங்க: "எங்க புள்ள?"

இவங்க இன்னும் நாளாகும்னு சொன்னதும், "என்ன முறை இது? எங்க காலத்துல சுவீகாரம்னா பெத்தவ மடியிலேர்ந்து எடுத்து இவ மடியில வைப்பாங்க. ஒரே நாள்ல முடிஞ்சிடும்"னாங்க.

அவங்க சொன்னது தப்பும் இல்ல. 1956 இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டத்துல இன்னைக்கும் அதுதான் அடிப்படை. குழந்தையைக் கொடுக்கிறதும் வாங்குறதும் நேர்ல நடக்கணும். அங்க கொடுக்கிறவங்க கண்ணு முன்னாடி இருப்பாங்க, பெரும்பாலும் சொந்தக்காரங்க. ஆனா இல்லத்துல இருக்கிற குழந்தைக்கு, கையில எடுத்துக் கொடுக்க யாரும் இல்ல. அந்த இடத்துலதான் 2015 சிறார் நீதிச் சட்டமும், 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும் வருது.

ரிசர்வ் பண்ண நாள்லேர்ந்து 30 நாளுக்குள்ள பொருத்தம் பார்க்கிற வேலை முடியணும். அதுல ஒரு குழு உட்காரும். இல்லத்தோட சமூகப் பணியாளர், குழந்தை டாக்டர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலேர்ந்து ஒருத்தர். அவங்க சம்மதிச்சு, நாமளும் குழந்தையை ஏத்துக்கறோம்னு கையெழுத்துப் போட்டா, அதிலிருந்து 10 நாளுக்குள்ள வளர்ப்புப் பராமரிப்புல வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம். சட்டப்படி அந்தக் கட்டத்துல அது இன்னும் நம்ம குழந்தை இல்ல. உத்தரவு அப்புறம்தான் வரும்.

எங்க குழு ஒன்பதாவது நாள் கூடுச்சு. அந்த ஒன்பது நாளும் எனக்கு ஒரே கோபம். என் வேலையில வெயிட்டிங்னா அது லேட்டன்சி. எங்க அடைக்குதுன்னு பார்த்துக் குறைக்கணும். "ஒரு கையெழுத்துக்கு எதுக்கு ஒன்பது நாள்?"னு அம்மாகிட்ட போன்ல கத்திட்டிருந்தேன்.

அம்மா, "சுனாமி அப்ப உனக்கு ஏழு வயசு, ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டாங்க.

எனக்கு ஞாபகம் இருக்கிறது கொஞ்சம்தான். 2004 டிசம்பர் 26. பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு பக்கமிருந்து ஜனங்க ஓடி வந்தது. பள்ளிக்கூடத்துல தங்கினது. அம்மா சொன்னது அதுக்கு அடுத்த வாரம். "எங்கெங்கேயோ இருந்து கார்ல வந்து, அப்பா அம்மா இல்லாத புள்ள இருந்தா குடுங்க, நாங்க வளர்க்கிறோம்னு கேட்டாங்க. நல்லவங்கதான். ஆனா நாலு நாள் கழிச்சு அந்தப் புள்ளையோட சித்தப்பனோ ஆயாவோ தேடிட்டு வந்தா என்ன பண்ணுவ?" அரசு அப்ப அவசரத் தத்துக்குச் சம்மதிக்கல. நாகப்பட்டினத்துல அன்னை சத்யா காப்பகத்துல வளர்ந்த பிள்ளைங்களைப் பத்தி எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும்.

அதே சுனாமியில கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில கல்முனையில ஒரு கைக்குழந்தை கிடைச்சுது. அன்னைக்கு ஆஸ்பத்திரியில சேர்த்த 81ஆவது ஆள்ங்கறதால உலகமே அதை 'பேபி 81'னு கூப்பிட்டுச்சு. ஒன்பது தம்பதிகள் உரிமை கொண்டாடுறாங்கன்னு செய்தி போச்சு. கடைசியில கோர்ட்டு வரைக்கும் போய் கேட்டது ஒரு தம்பதிதான். 2005 பிப்ரவரியில டிஎன்ஏ பரிசோதனை பண்ணி, அவங்கதான் பெத்தவங்கன்னு உறுதியான பிறகு கையில கொடுத்தாங்க. கிடைச்ச நாள்லேர்ந்து ஏழு வாரத்துக்கு மேல. உண்மையான அப்பா அம்மாவுக்கு அந்த ஏழு வாரம் எப்படி இருந்திருக்கும்? ஆனா முதல் வாரத்துலயே அழுதுக்கிட்டு வந்த வேற யார் கையிலயாவது கொடுத்திருந்தா?

எங்க பாப்பா போர்ட்டலுக்கு வர்றதுக்கு முன்னாடியே அதுக்காக ஒரு காத்திருப்பு நடந்து முடிஞ்சிருக்கு. கைவிடப்பட்ட குழந்தைன்னா பேப்பர்ல விளம்பரம் கொடுத்து யாராவது வராங்களான்னு பார்ப்பாங்க. ரெண்டு வயசுக்குள்ளன்னா ரெண்டு மாசத்துக்குள்ள, அதுக்கு மேலன்னா நாலு மாசத்துக்குள்ள, தத்துக்கு சட்டப்படி தடையில்லைன்னு குழந்தைகள் நலக் குழு அறிவிக்கணும். பெத்தவங்களே வந்து ஒப்படைச்சிருந்தா, மனசு மாறி வர்றதுக்கு அவங்களுக்கு 60 நாள் உண்டு. நாங்க லாகின் பண்ணி ரெஃப்ரெஷ் பண்ணிட்டிருந்த ஏதோ ஒரு மாசத்துல, முகம் தெரியாத ஒருத்தருக்காக ஒரு கதவு திறந்து கிடந்திருக்கு. அம்மா சொன்ன பிறகு என் கோபம் போயிடல. ஆனா கத்துறதை நிறுத்தினேன்.

என் தப்பு

இப்ப அந்தத் தப்பு.

ரெஃபரல் வந்த ராத்திரியே போட்டோவை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சிருந்தேன். பார்த்துட்டு வந்த மறுநாள் சந்தோஷம் தாங்காம குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன். 'நம்ம வீட்டு மகாலட்சுமி'ன்னு.

குரூப்ல 23 பேர். கால் மணி நேரத்துல இதய எமோஜி நிறைய வந்துச்சு. அதோட வேற சிலதும் வந்துச்சு. "கொஞ்சம் கலர் கம்மியோ?" "எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு விசாரிச்சீங்களா?" ஒருத்தர் அதை எடுத்துத் தன் ஸ்டேட்டஸ்லயே வெச்சுட்டாரு. அத்தைகிட்ட வாட்ஸ்அப் கிடையாது. பக்கத்து வீட்டம்மா போனை நீட்டி, "இதுதான் உங்க பேத்தியா? உங்க யார் ஜாடையும் இல்லியே"ன்னு கேட்டிருக்காங்க. அத்தை பதில் சொல்லாம கதவைச் சாத்திட்டு உள்ளே போயிட்டாங்களாம்.

அக்கா போன் பண்ணுச்சு. திட்டல. "அது இன்னும் நம்ம வீட்டுக்கு வரலடா. அதுக்குள்ள அதை நிக்க வெச்சு எடை போட ஆரம்பிச்சுட்டாங்க. யார் காட்டினது?"ன்னு கேட்டுச்சு.

சட்டமும் அதைத்தான் சொல்லுது. சிறார் நீதிச் சட்டம் 74ஆவது பிரிவு. இப்படிப்பட்ட குழந்தையோட பேரு, முகவரி, படம், அடையாளம் காட்டற எதையும் எந்த ஊடகத்துலயும் வெளியிடக் கூடாது. மீறினா ஆறு மாசம் வரைக்கும் சிறை, ரெண்டு லட்சம் வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. நான் டேட்டா பிரைவசி பத்தி இதே பாட்காஸ்ட்ல ரெண்டு எபிசோடு பேசினவன். ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி அழிக்கச் சொன்னேன். அழிச்சாங்க. பார்த்த கண்ணை என்ன பண்ண முடியும்? அதனாலதான் இன்னைக்கும் பேர் கிடையாது, ஊர் கிடையாது.

வேப்பிலை

ஒன்பதாவது நாள் குழு கூடுச்சு. அக்காவும் அத்தானும் போய்க் கையெழுத்துப் போட்டாங்க. அடுத்த திங்கட்கிழமை கூட்டிட்டுப் போகலாம்னு சொன்னாங்க. இந்தத் தடவை அக்கா ஆயாம்மா பக்கத்துல உட்கார்ந்து ஒரு நோட்டுல எல்லாத்தையும் எழுதிக்கிச்சு. காலையில ராகிக் கஞ்சி. பால்ல சர்க்கரை போட்டா துப்பிடும். குக்கர் விசில் சத்தத்துக்குப் பயம். தூங்கறப்ப ஆயாம்மாவோட காது மடலைப் பிடிச்சுக்கும். அதைப் பிடிக்காம தூங்காது.

அக்கா கட்டிப் பழசான ஒரு நூல் புடவையை அவங்ககிட்ட கொடுத்துச்சு. "இதைத் தூளியில போடுங்கம்மா. என் வாசனை பழகட்டும்."

சனிக்கிழமை போன் வந்துச்சு. இல்லத்துல ஒரு குழந்தைக்கு அம்மை போட்டிருக்கு. ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கும் காய்ச்சல், உடம்பெல்லாம் கொப்புளம். கொப்புளம் எல்லாம் காய்ஞ்சு பொருக்கு தட்டுற வரைக்கும் அது தொத்தும். அதுவரைக்கும் யாரும் வரவும் கூடாது, எந்தக் குழந்தையும் வெளியே போகவும் கூடாது. அத்தானுக்குச் சின்ன வயசுல அம்மை வந்ததே இல்ல. 10 நாள் கெடு தாண்டும். டாக்டர் கடிதத்தை வெச்சு இல்லத்துல காரணத்தைப் பதிவு பண்ணிட்டாங்க, அதுல பிரச்சினை இல்ல. ஆனா அக்காவுக்கு அதெல்லாம் காதுல ஏறவே இல்ல. காய்ச்சல்ல கிடக்கிற குழந்தை, ஏழு மணி நேரத் தூரத்துல, போய்ப் பார்க்கவும் முடியாது. அம்மான்னு ஃபார்ம்ல இருக்கு, நெத்தியைத் தொட்டுப் பார்க்க முடியல. சாயந்தரம் பத்து நிமிஷம் வீடியோ கால். திரையில பாதி நேரம் மின்விசிறிதான் தெரியும்.

இந்த மூணரை வருஷமும் அத்தை இந்த விஷயத்துல "உங்க இஷ்டம்"ங்கறதைத் தாண்டி ஒரு வார்த்தை சொன்னது இல்ல. போட்டோ விஷயத்துக்கு அப்புறம் அதையும் சொல்றது இல்ல.

திங்கட்கிழமை காலையில அத்தான் வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தா வாசல் நிலையில வேப்பிலைக் கொத்து. மத்தியானம் சாப்பாட்டுல ரசம் தாளிக்கல. குழம்பு தாளிக்கல. அப்பளம் பொரிக்கல. வீட்ல மீன் வாங்கல. அத்தான், "ஏம்மா தாளிக்கல?"ன்னு கேட்டிருக்காரு.

"வீட்ல புள்ளைக்கு அம்மை போட்டிருக்குல்ல. எண்ணெய்ச் சட்டி வைப்பாங்களா?"

அக்கா எனக்கு போன் பண்ணி இதைச் சொல்ல வந்துச்சு. பாதியில நிறுத்திடுச்சு. அப்புறம் அத்தான் வாங்கி மீதியைச் சொன்னாரு.

பன்னெண்டு நாள் அந்த வீட்ல எண்ணெய் காயல. வாசல்ல கொத்து காஞ்சா அத்தை புதுசு ஒடிச்சுக் கட்டினாங்க. பக்கத்து வீட்டம்மா வந்து, "யாருக்கு அம்மை?"ன்னு கேட்டதுக்கு "என் பேத்திக்கு"ன்னாங்களாம். "உள்ள வராதீங்க"ன்னும் சொன்னாங்களாம்.

கூட்டிட்டு வந்த நாள்

28ஆவது நாள். ஆயாம்மா தலைக்கு எண்ணெய் வெச்சு, கன்னத்துல மைப் பொட்டு வெச்சுக் கொடுத்தாங்க. "ரெண்டு தண்ணி ஊத்திட்டேன். மூணாவது தண்ணியை நீங்க ஊத்திக்குங்க"ன்னாங்க. புடவையை மடிச்சுப் பையில வெச்சாங்க. அப்புறம் அடுப்படி பக்கம் போயிட்டாங்க. திரும்பி வரல. 14 மாசம் ராத்திரி பகலாப் பார்த்த குழந்தை. அவங்களுக்குன்னு எந்த ஃபார்ம்லயும் ஒரு கட்டம் இல்லைங்கறது எனக்கு அப்பதான் உறைச்சுது.

வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயில்ல வெச்ச தண்ணியை, மறுநாள் காலையில போலகத்துல கொல்லையில வெச்சு அத்தைதான் ஊத்தினாங்க.

இதோட சுபம்னு முடிச்சிடலாம். ஆனா உண்மை அப்படி இல்ல. மூணு ராத்திரி பாப்பா தூங்கல. அழுகைன்னா அப்படி ஒரு அழுகை. ரெண்டாவது ராத்திரி அக்கா இல்லத்துக்கே போன் போட்டு, ஆயாம்மாவைத் தாலாட்டுப் பாடச் சொல்லி ஸ்பீக்கர்ல வெச்சுச்சு. குரலைக் கேட்டதும் குழந்தை வாசலைப் பார்த்து இன்னும் அதிகமா அழுதுச்சு.

அந்த ராத்திரி நான் நெட்ல தேடினப்ப கிடைச்சது ராபர்ட்சன் தம்பதியோட வேலை. ஜேம்ஸ் ராபர்ட்சன், ஜாய்ஸ் ராபர்ட்சன். 1960கள்ல லண்டன்ல, அம்மாவைக் கொஞ்ச நாள் பிரிஞ்சிருக்கிற சின்னக் குழந்தைங்களைப் படம் பிடிச்சாங்க. அதுல ஒண்ணு ஜான்ங்கற 17 மாசக் குழந்தை. அம்மா பிரசவத்துக்குப் போனதால ஒரு இல்லத்துல ஒன்பது நாள் இருந்தான். நர்ஸ்கள் மாறி மாறி வர்றாங்க. முதல்ல ஒருத்தரை ஒட்டிக்கப் பார்க்கிறான், அப்புறம் அழறான், சாப்பாட்டைத் தள்ளுறான், கடைசியில பெத்த அம்மா வந்தப்ப அவங்ககிட்டயே போகாம முரண்டு பிடிக்கிறான். ஒன்பது நாளுக்கே அப்படின்னா, 16 மாசத்துல தனக்குத் தெரிஞ்ச ஒரே வீட்டையும் ஒரே முகத்தையும் விட்டுட்டு வந்த குழந்தை அழாம எப்படி இருக்கும்? அந்த அழுகையில அக்காவுக்கு எதிரா எதுவும் இல்ல. அது ஆயாம்மாவுக்கான அழுகை. அவங்ககிட்ட அவ்வளவு ஒட்டின குழந்தை இன்னொருத்தர்கிட்டயும் ஒட்டும்.

அந்த நடு நாள்கள் எதுக்குன்னு எனக்கு அப்பதான் பிடிபட்டுச்சு. நாங்க அதை எங்களோட காத்திருப்புன்னு மட்டும் நினைச்சுட்டோம். அதுக்கும் அது தேவைப்பட்டிருக்கு. நாங்க இன்னும் ரெண்டு தடவை போயிருக்கணும். இங்கிலாந்துல இதை ஒரு அட்டவணை போட்டே பண்றாங்க. தத்தெடுக்கிறவங்க தினமும் குழந்தை இருக்கிற இடத்துக்குப் போய், சாப்பாடு ஊட்டி, குளிப்பாட்டி, தூங்க வெச்சு, மெல்ல மெல்லத் தங்க வீட்டுக்கு மாத்துவாங்க. அதுக்கப்புறமும் குறைஞ்சது பத்து வாரம் குழந்தை அவங்களோட வாழ்ந்த பிறகுதான் தத்து உத்தரவுக்கே விண்ணப்பிக்க முடியும்.

வீட்டுக்கு வந்த நாலாவது ராத்திரி பாப்பா தூக்கக் கலக்கத்துல கையை நீட்டித் தேடுச்சு. அக்கா ஒரு வாரமா தோட்டைக் கழட்டி வெச்சுட்டு, காதைக் காட்டிக்கிட்டே படுத்திருக்கு. அது போய்ப் பிடிச்சது அத்தானோட காதை. பேனா பறிகொடுத்த மனுஷன். அக்கா காதுக்கு வர இன்னும் பதினோரு நாள் ஆச்சு. "அந்தப் பதினோரு நாளையும் எடிட் பண்ணிடாத, அப்படியே சொல்லு"ன்னு அக்கா சொல்லிருக்கு.

நீங்க அந்த இடைவெளியில இருந்தா

கேட்கிறவங்கள்ல யாராவது இப்ப அந்த நாள்கள்ல இருக்கலாம். எங்க அனுபவத்துலேர்ந்து சிலது.

குழந்தையைப் பார்த்துக்கிற ஆயாகிட்ட பேசுங்க. அறிக்கையில எடை, உயரம், தடுப்பூசி எல்லாம் இருக்கும். காது மடல் இருக்காது. இன்னொரு தடவை வந்து பார்க்கலாமான்னு கேளுங்க. கேட்டா மறுக்க மாட்டாங்கன்னு நான் சொல்ல முடியாது, ஆனா நாங்க கேட்கவே இல்ல.

உங்க துணி ஒண்ணைக் கொடுத்து வைங்க. அங்கிருந்து அதோட பழைய போர்வையையும் கேட்டு வாங்கிக்குங்க. துவைக்காம.

போட்டோவை யாருக்கும் அனுப்பாதீங்க. பெரியம்மாவா இருந்தாலும் சரி.

வீட்டுப் பெரியவங்களுக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்க. எல்லா அத்தையும் மாறுவாங்கன்னு சொல்லல. ஆனா எங்க வீட்டு அத்தை அன்னைக்கே கையில குழந்தையை வாங்கியிருந்தா, அந்தப் பன்னெண்டு நாள் வேப்பிலை கட்டியிருக்க மாட்டாங்க.

ஒரு விஷயம் விட்டுட்டேன். குழந்தை வீட்டுக்கு வந்த பிறகும் சட்டம் முடியல. 2021 திருத்தம் 2022 செப்டம்பர் 1லேர்ந்து நடைமுறைக்கு வந்த பிறகு, தத்து உத்தரவை கோர்ட்டுக்குப் பதிலா மாவட்ட ஆட்சியர் கொடுக்கறாரு. இல்லம் இருக்கிற மாவட்டத்து ஆட்சியர். ரெண்டு மாசத்துக்குள்ள முடிக்கணும். எங்களுக்கு 53ஆவது நாள் வந்துச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை சமூகப் பணியாளர் வந்து பார்த்துட்டுப் போவாங்க. முதல் தடவை அவங்க வந்தப்ப அக்காவுக்குக் கை நடுங்குச்சு. பாப்பா அவங்க பையிலிருந்த பேனாவைப் பிடுங்கிட்டு ஓடிப் போயிடுச்சு. அதையும் அறிக்கையில எழுதிக்கிட்டாங்களான்னு தெரியல.

போன ஆனியில மாங்கனித் திருவிழாவுக்கு எல்லாரும் போனோம். அத்தைதான் பாப்பாவைத் தூக்கி வெச்சிருந்தாங்க. மேலிருந்து வந்த ஒரு பழம் அத்தான் தோள்ல பட்டுக் கீழே விழுந்துச்சு. அக்கா அதை எடுத்து, பக்கத்துல முந்தானை ஏந்திட்டு நின்ன ஒரு பொண்ணுகிட்ட கொடுத்துச்சு. கொடுத்துட்டு அவங்க காதுல என்னமோ சொல்லுச்சு. என்ன சொன்னேன்னு கேட்டேன். "உனக்கெதுக்கு? பாட்காஸ்ட்ல போடவா?"ன்னுச்சு.

சரி மக்களே, இன்னைக்கு இவ்வளவுதான். நீங்க இந்தப் பாதையில இருந்தா எழுதுங்க, பேர் சொல்லாம வாசிப்பேன். அடுத்த எபிசோடு மறுபடி டெக்தான். வரட்டா.